தீவை விட்டுச் சென்ற போத்துகள்: சிசிலியக் குடியேறிகளின் சீமையத்தி வகைகளும் அவற்றின் பெயர் வரலாறும்

முன்னுரை

ஒரு குடும்பம் தன் பூர்வீக மண்ணை விட்டு நீங்கும்போது எவற்றைத் தன்னோடு கொண்டு செல்கிறது என்னும் வினா புலம்பெயர்வு வரலாற்றில் அடிப்படையானது. மொழி, வழிபாடு, உணவு, பெயரிடும் முறை ஆகியவற்றைப் புலம்பெயர்வு ஆய்வுகள் தொடர்ந்து பேசிவந்துள்ளன. மரமும் செடியும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவையே. இத்தாலியின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவுக்குச் சென்ற குடும்பங்கள் பல, தம் ஊர் அத்தி மரத்தின் குச்சிகளைக் கையோடு எடுத்துச் சென்றன. அக்குச்சிகள் வேரூன்றி மரமாகிப் பேரன் பேத்தியர் காலத்திலும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. ஆயினும் அம்மரம் எவ்வூரினது, அதன் பெயர் யாது என்று கேட்டால் விடையளிக்க இயலாத நிலையில் அக்குடும்பங்களுள் பல உள்ளன.

மூதாதையரின் தீவில் விளைந்த அத்தி வகையைத் தேடிக் கண்டறிவது எங்ஙனம், அத்தேடலில் குடும்ப நினைவுக்கும் அறிவியல் சான்றுக்கும் உரிய இடம் யாது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் தோட்டக்கலையைச் சார்ந்தது போலத் தோன்றினும், சிக்கல் மூலபாட ஆய்வைச் சார்ந்தது. ஒரு பனுவல் படி எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பரவும்போது நேரும் பெயர் மாற்றம், தலைப்பு இழப்பு, ஒன்றை மற்றொன்றாகக் கருதும் மயக்கம் ஆகிய அனைத்தும் அத்தி வகைகளுக்கும் நேர்ந்துள்ளன. சுவடிகளோடு பழகிய தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதியதன்று.

அத்தி என்னும் சொல்லின் எல்லை

இங்குப் பேசப்படும் மரம் எது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். தமிழில் அத்தி என்னும் சொல் நம் ஆற்றங்கரைகளில் வளரும், அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியைக் குறிப்பது. சங்க இலக்கியத்தில் அது அதவம் எனப்படுகிறது. ஆற்றங்கரை அதவத்தின் ஒரு பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்த காட்சியைப் பரணர் குறுந்தொகை 24ஆம் பாடலில் உவமையாக்கியிருப்பது அறிஞர் அறிந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளில் விளைவது வேறோர் இனம். ஃபிகஸ் காரிகா எனத் தாவரவியலார் வழங்கும் அம்மரத்தைத் தமிழர் சீமையத்தி என்பர். கடைகளில் உலர்த்திக் கோத்து விற்கப்படும் அத்திப்பழம் இச்சீமையத்தியின் பழமே. இக்கட்டுரையில் அத்தி என வருமிடங்களில் சீமையத்தியையே கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பூ வெளியே தெரிவதில்லை. காய் என நாம் கருதும் உருண்டையின் உட்சுவரில் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் மறைந்துள்ளன. காணக் கிடைக்காத ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்று தமிழர் சொல்வது இவ்வியல்பை நோக்கியே. மத்தியதரைக் கடல் மக்கள் இதற்கு நேர்மாறாக, ஆண்டின் முதற்காய்ப்பைப் பூவென்றே பெயரிட்டு அழைத்தனர். முதற்காய்ப்புப் பழங்களை இத்தாலியர் ஃபியோரோனி என்பர். அச்சொல் பூவைக் குறிக்கும் ஃபியோரே என்பதிலிருந்து வந்தது. மயோர்க்காத் தீவில் அதுவே ஃபிகாஃப்ளோர், அதாவது பூ அத்தி. ஸ்பானியர் வழங்கும் ப்ரேவா என்னும் சொல் இருமுறை காய்ப்பது என்னும் பொருளுடைய இலத்தீன் பிஃபெராவின் திரிபு. சிசிலியப் பேச்சுமொழியில் வழங்கும் பிஃபராவும் அவ்வழியினதே. இத்தகைய சொற்கள், அத்தி வகைகளைத் தேடுவோர்க்கு முதல் தடயமாக அமைகின்றன. பாட்டன் சொன்ன சொல் வகையின் பெயரா, காய்ப்புப் பருவத்தின் பெயரா என்று பிரித்தறியாத தேடல் தொடக்கத்திலேயே வழிதவறும்.

விதை வழியும் போத்து வழியும்

அத்தியில் ‘வகை’ எனப்படுவது யாது என்பதை விளங்கிக்கொள்ள அதன் இனப்பெருக்க முறையை அறிதல் வேண்டும். அத்தி மரங்கள் இருதிறத்தன. ஒன்று உண்ணத்தக்க பழம் தரும் பெண்மரம். மற்றொன்று மகரந்தம் தரும் ஆட்டத்தி. ஆடுகளுக்கே உணவாகும் என்னும் கருத்தில் அப்பெயர் இலத்தீனில் அமைந்தது. ஆட்டத்தியின் காய்க்குள் பிளாஸ்டோஃபாகா என்னும் சிறு குளவி முட்டையிட்டு வளர்கிறது. அது வெளியேறிப் பெண்மரக் காயினுள் நுழையும்போது மகரந்தம் சேர்கிறது. இங்ஙனம் உருவாகும் விதைகளை நட்டால் முளைப்பவற்றுள் ஏறத்தாழப் பாதி ஆட்டத்தியாகும். எஞ்சியவையும் தாய்மரத்தை ஒத்திருப்பதில்லை. எனவே சுவை, நிறம், பருவம் ஆகியன மாறாமல் ஒரு மரத்தைப் பெருக்க விதை பயன்படாது. முருங்கையை நடுவது போலக் கிளையைப் போத்தாக வெட்டி நடுவதே வழி.

இவ்வுண்மையின் வரலாற்றுப் பொருள் பெரிது. பெயர் பெற்ற ஓர் அத்தி வகை என்பது பல மரங்களின் கூட்டமன்று. ஒரே மரத்தின் நீட்சி. ஒருவர் எப்போதோ ஒரு மரத்தைச் சுவைத்துப் பார்த்து, நன்றெனக் கண்டு, கிளை முறித்து நட்டார். அவர் கொடுத்ததை மற்றொருவர் நட்டார். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அவ்வழி அம்மரம் இன்று இருந்திராது. ஏட்டைப் பார்த்து ஏடெழுதியவர் வரிசை போன்றது இது. படி எடுப்பதில் பிழை நேர்வது போல இங்கும் பிழை நேர்வதுண்டு. அரும்பில் நிகழும் திடீர் மாற்றத்தால் பச்சைப் பழம் தந்த கிளை வரிப்பழம் தரத் தொடங்கும். அக்கிளையை வெட்டி நட்டால் புதிய வகை தோன்றும். ஏட்டோடு செல்லும் செல்லு போல நோயும் போத்தோடு பயணம் செய்யும். அத்தி இலைகளில் மஞ்சள் புள்ளி தோற்றுவிக்கும் தேமல் நோயை 1933ஆம் ஆண்டு காண்டிட், ஹோர்ன் ஆகியோர் விளக்கினர். அந்நோய் பழைய தோட்டங்களில் பரவியிருப்பதற்குப் போத்து வழிப் பெருக்கமும் ஒரு காரணம்.

பெண்மரங்கள் அனைத்துக்கும் குளவி தேவை என்பதில்லை. குளவியின்றியே பழுப்பவை ஒரு பிரிவு. குளவியின்றேல் காய் உதிர்ந்துவிடுபவை மற்றொரு பிரிவு. ஸ்மிர்னா அத்தி இதற்குச் சான்று. முதற்காய்ப்புக்குக் குளவி வேண்டாமலும் இரண்டாம் காய்ப்புக்கு வேண்டியும் நிற்பவை மூன்றாம் பிரிவு. குளவியின்றிப் பழுக்கும் மரத்தை மாந்தர் தெரிந்தெடுத்துப் பெருக்கியது மிகப் பழைய காலத்திலேயே நிகழ்ந்தது என்பர் சிலர். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னுமிடத்தில் கிடைத்த, 11,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கரிந்த அத்திப்பழங்களை இதற்குச் சான்றாக 2006ஆம் ஆண்டு கிஸ்லெவ் முதலானோர் முன்வைத்தனர். அம்முடிவை மறுத்துரைத்தவரும் உண்டு.

ஆட்டத்திக் காய்களைக் கோத்துப் பெண்மரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை லெஸ்போஸ் தீவினரான தியோஃபிராஸ்டஸ் கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்திலேயே விளக்கியுள்ளார். 1700ஆம் ஆண்டு கிரேக்கத் தீவுகளுக்குப் பயணம் தொடங்கிய பிரெஞ்சுத் தாவரவியலார் தூர்னஃபோர் அதே வழக்கத்தை அங்கே நேரிற்கண்டு எழுதினார். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் தீவு உழவர்கள் அதைக் கைவிடவில்லை. இம்மரபறிவு இல்லாத நாட்டில் நேர்ந்ததற்குக் கலிஃபோர்னியா சான்று. அங்கு 1880களின் தொடக்கத்தில் தருவிக்கப்பட்ட ஸ்மிர்னா மரங்கள் செழித்து வளர்ந்தும் காய்கள் பழுக்காமல் உதிர்ந்தன. தரமற்ற மரங்களை அனுப்பி ஏமாற்றிவிட்டனர் என்ற ஐயமும் எழுந்தது. 1899ஆம் ஆண்டு குளவி வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்ட பின்னரே அச்சிக்கல் தீர்ந்தது. மரத்தை மட்டும் கொண்டுசென்று அதைச் சார்ந்த அறிவை விட்டுச் சென்றால் என்ன நிகழும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

பெயரிடும் மரபு

அத்திக்குப் பெயர் சூட்டும் மரபு மிகத் தொன்மையானது. உரோமானியரான கேட்டோ தம் வேளாண் நூலில் ஆப்பிரிக்க அத்தி, சகுந்த அத்தி, குளிர்கால அத்தி எனப் பலவற்றைக் குறிப்பிடுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் பதினைந்தாம் பகுதியில் நீண்டதொரு பட்டியலைத் தருகிறார். ஊரால் பெயர் பெற்றவையும், நிறத்தால் பெயர் பெற்றவையும், பழுக்கும் பருவத்தால் பெயர் பெற்றவையும் அதில் உள்ளன. லிவியா, பாம்பே ஆகியோரின் பெயரால் வழங்கிய அத்திகளும் அவருள் இடம்பெறுகின்றன. ஆகவே மரம் கொணர்ந்தவர் பெயரை மரத்துக்கு இடும் வழக்கம், இன்றைய அமெரிக்கக் குடும்பங்கள் ‘தாத்தா அத்தி’ என்று வழங்குவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முற்பட்டது எனலாம்.

தீவுகளில் இம்மரபு மேலும் செறிவாக உள்ளது. கடலால் சூழப்பட்ட நிலத்தில், ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனக்கெனச் சில வகைகளைப் போற்றியது. மயோர்க்காவில் சீமாட்டியின் கழுத்து எனப் பொருள்படும் கோல் தெ டாமா என்பது பழத்தின் காம்புப் பகுதியின் வடிவால் பெற்ற பெயர். அங்குள்ள இவெர்நெங்கா குளிர்காலத்தது. சிசிலியிலும் தென்னித்தாலியிலும் கத்தரிக்காயை ஒத்த நீண்ட கரும்பழம் மெலன்சானா, அதாவது கத்தரிக்காய் எனப்படுகிறது. கிறித்து பிறப்புத் திருநாளை ஒட்டிப் பழுப்பது நத்தாலினா. சிசிலிக்குத் தெற்கிலுள்ள மால்டாவில் முதற்காய்ப்பு புனித யோவான் அத்தி எனப்படும். அவர் திருநாளான ஜூன் 24ஐ ஒட்டி அது பழுக்கும். வடிவம், பருவம், திருநாள், ஊர், ஆள் என்னும் ஐந்தின் அடிப்படையில் இப்பெயர்களை வகைப்படுத்தலாம். இவற்றுள் வடிவப் பெயரும் பருவப் பெயரும் மரத்தைப் பார்த்தே சரிபார்க்கத்தக்கவை. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அங்ஙனம் சரிபார்க்க இயலாதவை. அவற்றுக்கு வரலாற்றுச் சான்று வேண்டும்.

எழுத்துச் சான்றுகளும் உள்ளன. சிசிலியரான ஃபிரான்செஸ்கோ குப்பானி என்னும் துறவி, பலெர்மோவை அடுத்த மிசில்மேரியிலிருந்த பிரபு ஒருவரின் தோட்டத்துச் செடிகொடிகளை 1696ஆம் ஆண்டு வெளிவந்த ஹோர்ட்டுஸ் கத்தோலிக்குஸ் என்னும் நூலில் பதிவு செய்தார். பழமரங்களின் உள்ளூர் வகைகளையும் அவர் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜோர்ஜியோ கல்லேசியோ வெளியிட்ட பொமோனா இத்தாலியானா, வண்ணப் படங்களோடு இத்தாலியப் பழவகைகளை விளக்கியது. 1955ஆம் ஆண்டு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஐரா காண்டிட் அதுவரை உலகெங்கும் பதிவான அத்தி வகைகளை ஒரே நூலில் தொகுத்து, ஒரு பொருட்பன்மொழிகளையும் சுட்டினார். இன்றைக்கும் தேடலைத் தொடங்குவோர் கையிலெடுப்பது அந்நூலையே.

கடல் கடந்த பின் நேர்ந்தவை

1880 முதல் 1924 வரை ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் தென்பகுதியினர், சிசிலியர் கணிசமானோர். திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி, நிலவுடைமையின் கொடுமை, 1894இல் உழவர் இயக்கம் ஒடுக்கப்பட்டமை, 1908ஆம் ஆண்டு மெசினா நிலநடுக்கம் எனக் காரணங்கள் பல. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இப்பெருக்கை ஏறத்தாழ நிறுத்திவிட்டது.

இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டிய அத்திக்குச்சி, ஈரத்துணியில் சுற்றினால் பல வாரங்கள் உயிரோடிருக்கும். கப்பற் பயணத்துக்கு அது போதுமானது. அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டு தாவர நோய்த்தடுப்புச் சட்டமும் 1919இல் நடவுச் செடிகளுக்கான கடுமையான கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் கொண்டுவரப்பட்ட குச்சிகளைப் பற்றிக் குடும்பங்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கியிருத்தல் இயல்பு. சான்றின்மைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நியூயார்க், நியூ ஜெர்சி, ஃபிலடெல்ஃபியா ஆகிய இடங்களின் குளிரை அத்தி தாங்காது. எனவே குடியேறியவர்கள் நவம்பர் இறுதியில் மரத்தின் கிளைகளைக் கட்டி, ஒருபக்க வேர்களை வெட்டி, மரத்தைச் சாய்த்துப் பள்ளத்தில் கிடத்திப் பலகையும் சருகும் மண்ணும் இட்டு மூடினர். வசந்தம் வந்ததும் அகழ்ந்து நிமிர்த்தினர். சிலர் மரத்தை நிறுத்தியபடியே சாக்காலும் பழைய கம்பளத்தாலும் சுற்றி உச்சியில் வாளியைக் கவிழ்த்தனர். ஆண்டுதோறும் ஒரு மரத்தைப் புதைத்து எழுப்பும் இவ்வுழைப்பைப் பழத்தின் விலையால் மட்டும் விளக்க இயலாது. தீவில் பராமரிப்பின்றியே கல்லிடுக்கில் வளரும் மரத்துக்கு இங்கு முதியவர் ஒருவரின் முதுகு வலி ஈடாகத் தரப்பட்டது. அம்முதியவர் மறைந்த பின் புதைக்க ஆளின்றி மரமும் அவ்வாண்டே கருகிய வீடுகள் உண்டு. பிழைத்த மரங்கள் வேரிலிருந்து மீண்டும் தளிர்த்தவை.

மரம் பிழைத்த இடத்திலும் பெயர் பெரும்பாலும் பிழைக்கவில்லை. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, பெயரின் பயன் வேறுபடுத்துவது. பத்து வகை அத்தி நின்ற ஊரில் ஒவ்வொன்றுக்கும் பெயர் தேவைப்பட்டது. ஒரே மரம் நின்ற புறக்கடையில் ‘ஃபிக்கு’, அதாவது அத்தி என்ற சிசிலியச் சொல்லே போதுமானதாயிற்று. ஆதலின் பெயர் மறைந்ததை அலட்சியத்தின் விளைவு எனக் கொள்வது பொருந்தாது. அதற்குப் பயனற்றுப் போனதே காரணம். இரண்டாவது, மொழி இழப்பு. சிசிலிய மொழி வீட்டுக்குள் ஒடுங்கியது. 1942ஆம் ஆண்டு குடியுரிமை பெறாத இத்தாலியர் பல மாதங்கள் பகைநாட்டு அயலாராக நடத்தப்பட்டனர். தாய்மொழியில் பேசுவதைத் தவிர்க்கும் மனநிலை அக்காலத்தில் மேலும் வலுப்பெற்றது. மூன்றாவது, நாற்றுப் பண்ணைகளும் ஆர்வலர்களும் இட்ட புதுப்பெயர்கள். சிசிலியின் எட்னா மலைப் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கரும்பழ வகையொன்று ஹார்டி சிகாகோ என்னும் பெயரில் விற்கப்படுகிறது. தீவின் பெயர் நீங்கி நகரத்தின் பெயர் ஏறியமைக்கு இது தெளிவான சான்று. இத்தாலியெங்கும் புகழ்பெற்ற டொட்டாட்டோ என்னும் பச்சை அத்தி, கலிஃபோர்னியாவில் கடோட்டா ஆயிற்று. இப்பெயரை மட்டும் கேட்பவர் அதனை ஜப்பானிய வகை எனக் கருதவும் இடமுண்டு. மறுதலையாக, பிரவுன் டர்க்கி என்னும் ஒரே பெயரில் இங்கிலாந்தில் ஒரு வகையும் கலிஃபோர்னியாவில் வேறொரு வகையும் வழங்குகின்றன. ஒரு மரத்துக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல மரம் என்னும் இருவகை மயக்கமும் இங்கு நிலவுகிறது.

தேடலின் நெறிமுறை

இந்நிலையில் பூர்வீகத் தீவின் வகையைத் தேடும் குடும்பம் மேற்கொள்ளத்தக்க நெறியைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதற்படி ஊரை உறுதி செய்வது. 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவு வழியாக வந்தவர்களின் கப்பற் பட்டியல்களில் கடைசியாக வாழ்ந்த ஊர் குறிக்கப்பட்டுள்ளது. சிசிலியில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் 1820 முதல் அரசால் பேணப்படுகின்றன. ‘பலெர்மோவிலிருந்து வந்தோம்’ என்று குடும்பம் கூறுவது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகத்தையே குறிக்கும். மரம் நின்ற சிற்றூர் வேறாக இருக்கக்கூடும்.

இரண்டாம் படி மரத்தை முறையாக விவரிப்பது. இலையின் மடல் எண்ணிக்கை, காம்பின் நீளம், பழத்தோலின் நிறம், கண் எனப்படும் அடித்துளையின் அளவு, சதையின் நிறம், இருபருவக் காய்ப்பு உண்டா என்பன பதிவு செய்யப்பட வேண்டும். 2003ஆம் ஆண்டு பன்னாட்டு நிறுவனங்கள் வெளியிட்ட அத்தி விவரிப்புக் கையேடு இதற்கெனவே அமைந்தது. ஒரே வகை இருவேறு தட்பவெப்பத்தில் நிறமும் அளவும் இனிமையும் மாறித் தோன்றும். ஆதலின் ஓராண்டுப் பழத்தை வைத்து முடிவு கூறுதல் பிழையாகும்.

மூன்றாம் படி பேச்சுச் சான்று. முதியோரிடம் ‘இதன் பெயர் என்ன’ என்று நேரடியாகக் கேட்பதைவிட, எந்தத் திருநாளில் பழுத்தது, உலர்த்தினார்களா பச்சையாக உண்டார்களா, மரத்தில் வேறு காய்களைக் கட்டித் தொங்கவிட்டார்களா என்று கேட்பது பயன் தரும். காய் கட்டியதாக நினைவு இருப்பின் அது குளவி வேண்டும் பிரிவைச் சார்ந்ததாக இருக்கக்கூடும். அவ்வகையின் இரண்டாம் காய்ப்பு நியூயார்க்கில் பழுத்திராது.

இவ்விடத்தில் ஒரு முடிவை வலியுறுத்த வேண்டியுள்ளது. குளவி இல்லாத, கோடை குறுகிய நாட்டில் பழுத்துப் பிழைத்தவை குளவியின்றி விரைந்து பழுக்கும் வகைகள் மட்டுமே. நத்தாலினா போன்று காலந்தாழ்ந்து பழுப்பனவும், குளவி வேண்டுவனவும் கொண்டு செல்லப்பட்டிருப்பினும் நிலைத்திருக்க இயலாது. எனவே அமெரிக்கப் புறக்கடைகளில் உள்ளவை சிசிலியின் அத்திச் செல்வம் முழுமையையும் காட்டுவன அல்ல; குளிரால் சலிக்கப்பட்ட எச்சம். பாட்டி புகழ்ந்து பேசிய அத்தியும், பாட்டன் நட்டு வளர்த்த அத்தியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஒன்று நினைவிலும் மற்றொன்று நிலத்திலும் எஞ்சியிருக்கலாம். முன்னதைத் தேட வேண்டிய இடம் தீவே.

நான்காம் படி மரபணு ஒப்பீடு. கலிஃபோர்னியாவின் டேவிஸில் உள்ள அமெரிக்க அரசின் சேமிப்பகம் போன்ற இடங்களில் பெயரிட்ட மரங்கள் பேணப்படுகின்றன. மரபணு அடையாளங்களைக் கொண்டு ஒரு மரம் அவற்றுள் எதனோடு ஒத்துள்ளது என்று கூற இயலும். அரிதெனக் குடும்பம் நம்பிய மரம் பரவலான டொட்டாட்டோ எனத் தெரியவருதலும் உண்டு. ஆயினும் இம்முறைக்கும் எல்லைகள் உள்ளன. அரும்பு மாற்றத்தால் பிரிந்த நெருங்கிய வகைகளை வழக்கமான சோதனை பிரித்தறியாது போகலாம். அதனினும் முக்கியமாக, மரம் எந்த வகை என்பதைச் சோதனை காட்டுமேயன்றி, எவ்வூரிலிருந்து எவர் கையால் வந்தது என்பதைக் காட்டாது. ஒரே டொட்டாட்டோ நூறு ஊர்களில் நின்றது. அவற்றுள் இது எம் ஊரினது என்பதற்குச் சான்று பதிவேடும் குடும்ப நினைவுமே.

நினைவும் சான்றும்

குடும்ப நினைவை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா இங்கு எழுகிறது. நினைவைத் தீர்ப்பாகக் கொள்வோர் கடையில் வாங்கிய மரத்தையும் மூதாதையர் மரமாக்கிவிடுவர். நினைவை முற்றும் ஒதுக்குவோர் மரத்தைச் சோதனை எண்ணாக மட்டும் காண்பர். நினைவைச் சாட்சியாகக் கொண்டு, பிற சாட்சிகளோடு ஒப்பிட்டுக் கேட்பதே முறை. ஏட்டின் முகப்பில் எழுதப்பட்ட நூற்பெயரைப் பதிப்பாசிரியர் அப்படியே ஏற்பதுமில்லை, கிழித்தெறிவதுமில்லை.

மரபு வகை பரவலானது எனத் தெரிந்தால் குடும்பத்துக்கு ஏமாற்றம் உண்டாகலாம். அவ்வேமாற்றம் தேவையற்றது. பரவலான ஒரு நூலின் படியாயினும், தன் பாட்டனார் கையால் எழுதப்பட்ட ஏடு அக்குடும்பத்துக்கு ஒன்றே. அம்மரமும் அத்தகையது.

எதிர்த்திசையிலும் இத்தேடல் பயன்படும். தீவுகளில் உழவு கைவிடப்பட்டுப் படிக்கட்டு நிலங்கள் புதர் மண்டுகின்றன. இத்தாலியில் 2005ஆம் ஆண்டு முதல் அறியப்படும் கருங்கூன்வண்டு அத்தியின் அடிமரத்தைத் துளைத்து மரத்தையே கொல்கிறது. தீவில் அழிந்த வகையொன்று கடலுக்கப்பால் ஒரு புறக்கடையில் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. மயோர்க்காவின் யுக்மயோர் பகுதியில் சோன் முட் நோவு என்னும் தோட்டம், பலேயாரிக் தீவுகளின் அத்தி வகைகளைத் தேடித் திரட்டி, பெயரோடு நட்டுப் பேணிவருகிறது. மரத்தோடு பெயரையும் சேர்த்துக் காப்பதே அதன் சிறப்பு. இத்தகைய இடங்களுக்கும் குடியேறிகளின் மரபு வகைகளுக்கும் இடையே ஒப்பீடு நிகழ்தல் வேண்டும். ஆனால் குச்சிகளைப் பெட்டியில் மறைத்துச் செல்லும் பழைய வழி இனி ஏற்புடையதன்று. 2013ஆம் ஆண்டு தென்னித்தாலியின் புலியாவில் கண்டறியப்பட்ட சைலெல்லா நுண்ணுயிர் ஒலிவ மரங்களை அழித்த விதம், செடியோடு நோயும் பயணம் செய்வதன் விலையை உணர்த்திற்று. நலச்சான்றோடு முறையாகப் பெறுவதே தீவுக்கும் பாதுகாப்பு, குடியேறிய நாட்டுக்கும் பாதுகாப்பு.

முடிவுரை

அத்தி வகை என்பது விதையால் அன்றிக் கையால் கடத்தப்படும் மரபு. ஆதலின் அதன் வரலாறு மாந்தர் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது. சிசிலியக் குடியேறிகளின் மரங்களைப் பொறுத்தவரை, மரம் நிலைத்த இடத்திலும் பெயர் மறைந்தமைக்குத் தனிமரமாக நின்றமை, மொழி இழப்பு, வணிகப் புதுப்பெயர் ஆகிய மூன்றும் காரணங்களாகின்றன. புதிய நாட்டின் தட்பவெப்பமும் குளவியின்மையும் தீவின் வகைகளுள் ஒரு பகுதியை மட்டுமே வாழவிட்டன. மரபணுச் சோதனை வகையை உறுதி செய்யும். ஊரையும் கையையும் பதிவேடும் நினைவுமே உறுதி செய்யும். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்ய மாட்டா.

மரபணுச் சோதனையை அடுத்த ஆண்டிலும் செய்யலாம். அதற்கு ஓர் இலை போதும். முதியவரிடம் கேட்க வேண்டியதை அங்ஙனம் ஒத்திவைக்க இயலாது. எனவே தேடலைத் தொடங்கும் குடும்பம் ஆய்வுக்கூடத்துக்கு இலையை அனுப்பும் முன்பு, அம்மரத்தைப் புதைத்து எழுப்பியவரோடு ஒரு பிற்பகல் அமர்ந்து, அவர் சொல்லும் சொற்களை அவர் மொழியிலேயே எழுதிக்கொள்ளுதல் நன்று.